தெற்கே பதினோரு நிமிடம்

அடிவாரத்துச் செக்போஸ்டில் டார்ச் அடித்துக் கேட்டார்,
"என்னம்மா குழாய் இது?"
போர்வெல்காரன் மிச்சம் வைத்த எட்டங்குல பிவிசி.
உள்ளே அடியில் ஒரு கண்ணாடி, மேலே ஒரு கண்ணாடி.
ஆம்னியின் தலையில் கட்டியிருந்தோம்.
"ஏற்காட்டுல தண்ணி வரலையா?"
"வரல சார்" என்றான் இர்ஷாத்.
இருபது ஊசி வளைவும் சிரித்துக்கொண்டே ஏறினோம்.

மேலேயிருந்து சேலத்து விளக்குகளைப் பார்க்க
எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், செல்பி எடுக்கிறார்கள்.
எனக்கு அது தெற்கு வானத்தில்
யாரோ கொட்டிவிட்ட மோர்.
நான் தேடுவதோ சரியாக அங்கேதான்,
ஊருக்கு நேர் மேலே, முப்பது பாகை உயரத்தில்,
ஒமேகா சென்டாரி.
மூன்று பிப்ரவரியாக நோட்டில் ஒரே வரி:
"இருக்கிறது என்று நினைக்கிறேன்."

கண் பழகினால் விளக்குகளுக்கு முகவரி தெரியும்.
அந்த நீளம் ஐந்து ரோடு மேம்பாலம்.
ஒதுங்கி ஒற்றையாய் எரியும் மஞ்சள்
எங்கள் ஜவ்வரிசி ஆலையின் களத்து விளக்கு.
பகலில் அதன் அடியில்தான் உட்கார்ந்து
உருட்டு, உடைசல், வெண்மை பார்த்துத் தரம் எழுதுகிறேன்.
ஒரு தகர மூடி போட்டால்
வெளிச்சம் தரையில் மட்டும் விழுமே என்றேன்.
"திருடன் மேலயிருந்து வந்தா?" என்றார் முதலாளி.
அது நகைச்சுவை என்று
சம்பள நாளன்றுதான் சிரித்தேன்.

செங்கோடனின் சித்தப்பா வேலை பார்க்கும் எஸ்டேட்.
தார்ப்பாய் மூடிய காபிக் களம்,
புளித்த பழத்தோல் வாசனை.
காவலுக்குச் சடையன், குரங்குத் தொப்பியோடு.
"கொட்டையை மிதிக்காம எதை வேணா பாருங்க."

மிருகசீரிடம் மேற்கே இறங்கிற்று. கேட்டை ஏறிற்று.
பிளாஸ்க் காலி.
நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால்
மூக்கனேரிப் பக்கம் பனி கிளம்பியது.
கன்னங்குறிச்சி போனது. மேம்பாலம் பாதியில் அறுந்தது.
கடைசியில் அந்த மஞ்சளும்.
நான் கேட்ட மூடியை
யாரோ ஊருக்கே போட்டுவிட்டார்கள்.

கண்ணை வைத்தேன்.
நடுவில் நெருக்கம், விளிம்பில் சிதறல்,
களத்தில் கொட்டி இன்னும் பரப்பாத குவியல்.
தொழில் மறந்துபோனது, தரம் எழுத வரவில்லை.
நாலு நிமிடம்.
பிறகு இர்ஷாத். பிறகு செங்கோடன்.
பிறகு ஒரு மரியாதைக்காக,
"நீங்களும் பாருங்களேன்" என்றேன் சடையனிடம்.

அது தப்பு.
தொப்பியைக் கழற்றிக் குனிந்தவர் நிமிரவில்லை.
பூமி சுழல்வதால் அது நகர்ந்துகொண்டே போகும்,
குழாயைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கவேண்டும்,
நான் சொல்லும் முன்பே
ஒரு விரலால் தள்ளிக்கொண்டார்.
ஒரு நிமிடம். மூன்று.
பனி வேலி தாண்டி ஏறி வந்தது,
சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு.
மூன்று வருஷம் காத்திருந்தவள் நான்.
தோளைத் தொட்டேன்.
பிறகு, ஆமாம், தள்ளினேன்.

கண்ணாடி வேர்த்திருந்தது.
சாம்பல். அப்புறம் சாம்பலும் இல்லை.

"இவ்வளவு நேரம் என்னத்தப் பாத்தீங்க?"
எரிச்சலை நான் மறைக்கவில்லை.
"எண்ணிட்டிருந்தேன்.
நாப்பது வரைக்கும் வந்தேன். நீ தள்ளிட்ட."

நோட்டைத் தொடையில் வைத்து எழுதினேன்.
பேனா ஈரத்தில் வழுக்கியது.
காற்று இல்லை. தெளிவு நன்று.
நாலு ஐந்து முதல் நாலு பதினாறு வரை.
எண்ணிக்கை நாற்பது.
எண்ணியவர் சடையன், களக் காவல்.
எண்ணியதைக் கலைத்தவள் பெயர் எழுதக்
கட்டம் எதுவும் இல்லை.

பனிவிளக்குப் போட்டு ஊர்ந்து இறங்கினோம்.
செக்போஸ்டில் அதே ஆள், கையில் டீ.
"தண்ணி வந்துச்சா?"
"வந்துச்சு சார்" என்றேன்.
"பதினோரு நிமிஷம்."